கால்வாய் போகிற வழியில்

லெமான்ட்டுக்கு ஒன்பது வருஷமாகப் போய்வருகிறேன். ஆனால் அந்த ஊரைப் பார்த்தது போன வருஷம்தான். சிகாகோவைச் சுற்றியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு லெமான்ட் என்றால் மேட்டின் மேல் நிற்கும் ராமர் கோயில். நேப்பர்வில்லில் கிளம்பி, லெமான்ட் ரோட்டில் அந்த உயரமான பாலத்தைக் கடந்து, சாமி கும்பிட்டு, தோசை சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவோம். ஊர் அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. கார் போகிற வேகத்தில் கண்ணில் படுவதில்லை.

போன ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரில் இருந்து வந்தார்கள். முதல் வாரமே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாலத்தைத் தாண்டியதும் அப்பா கேட்டார்: "ஏம் பாப்பா, இப்ப மூணு தண்ணியத் தாண்டுனோம். அதுல எது ஆறு, எது வாய்க்கா?"

அப்பா பொதுப்பணித் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவர், பெரும்பகுதி வெண்ணாற்றுப் பக்கம். தண்ணீரைக் கண்டால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய் முடிகிறது என்று கேட்காமல் இருக்க மாட்டார். நானும் சிவில் இன்ஜினியர்தான், சிமென்ட்டும் கான்கிரீட்டும் பரிசோதிக்கிற லேபில் வேலை. இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று இரவே உட்கார்ந்து படித்தேன்.

மூன்றில் ஒன்றுதான் ஆறு, டெஸ் பிளெயின்ஸ். நடுவில் அகலமாக, பெரிய பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) போகிற மாதிரி இருப்பது 1900-இல் திறந்த கழிவுநீர்-கப்பல் கால்வாய். சிகாகோ ஆறு ஏரியில் விழாமல் பின்னோக்கி ஓடுவது அதனால்தான். தெற்கே ஒடுங்கலாக, பாசி படிந்து கிடப்பது எல்லாவற்றுக்கும் மூத்தது: இல்லினாய்-மிச்சிகன் கால்வாய். 1836-இல் வெட்ட ஆரம்பித்து 1848-இல் முடித்தார்கள். நீளம் 96 மைல், மேலகலம் 60 அடி, ஆழம் 6 அடி. சிகாகோவின் பிரிட்ஜ்போர்ட்டில் தொடங்கி லசால் என்ற ஊரில் இல்லினாய் ஆற்றோடு சேர்கிறது. அங்கிருந்து மிசிசிப்பி, அதற்கப்புறம் நியூ ஆர்லியன்ஸ், கடல். 1840-இல் சிகாகோவின் மக்கள்தொகை 4,470. கால்வாய் திறந்து இரண்டு வருஷத்தில், 1850-இல், 29,963.

இதை மறுநாள் காலை காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "நடுவுல மேடு இருக்குமே. மேட்டுக்குத் தண்ணி எப்படி ஏத்துனாங்க?" சரியான கேள்வி. ஏரிக்கும் டெஸ் பிளெயின்ஸ் ஆற்றுக்கும் நடுவே ஒரு சிறிய மேடு உண்டு. அதை ஆழமாக வெட்டி ஏரித் தண்ணீரைத் தானாக ஓடவைப்பதுதான் முதல் திட்டம். 1837-இன் பணமுடையில் மாநிலம் திவாலாகும் நிலைக்கு வந்தது, வேலை வருஷக்கணக்கில் நின்றது. கடைசியில் ஆழத்தைக் குறைத்து வெட்டிவிட்டு, பிரிட்ஜ்போர்ட்டில் பம்பு வைத்து மேட்டுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். ஆழமாக வெட்டும் வேலை 1871-இல்தான் முடிந்தது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "பணம் இல்லேன்னா எந்த ஊர்லயும் ஆழத்துலதான் கை வைப்பாங்க" என்றார்.

அப்படித்தான் இந்தப் பயணங்கள் ஆரம்பித்தன. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை நாலு சனிக்கிழமை, கால்வாய் போகிற வழியில் ஒவ்வொரு ஊராகப் போனோம்.

சிகாகோவில் இருந்து ஒருநாள் போய்வர ஊர் கேட்டால் எல்லோரும் சொல்கிற பெயர்கள் எனக்கும் தெரியும். லேக் ஜெனிவா, லாங் குரோவ், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஜெனிவா, கொஞ்சம் தூரமானாலும் கலீனா. எல்லாம் போயிருக்கிறேன், நல்ல ஊர்கள். ஆனால் அங்கெல்லாம் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, கடைத்தெருவில் நடந்து, போட்டோ எடுத்துவிட்டு வந்தால் ஒரு மாதத்தில் எது எந்த ஊர் என்று குழம்பிவிடுகிறது. கால்வாய் ஊர்கள் எனக்கு அப்படிக் குழம்பவில்லை. ஒவ்வொன்றும் சிகாகோவுக்கு எதையோ கொடுத்த ஊர். என்ன கொடுத்தது என்று தெரிந்துகொண்டு தெருவில் நடந்தால் சுவர்கூடப் பேசுகிறது.

லெமான்ட் கொடுத்தது கல். கால்வாய் வெட்டும்போதே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் பாளம் பாளமாக வந்தது. முதலில் வெளிர் நிறத்தில் இருந்து காலப்போக்கில் மஞ்சள் ஏறுகிற கல். சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் கோட்டை மாதிரி நிற்கிறதே, 1869-இன் தண்ணீர்க் கோபுரம், 1871 பெருந்தீயில் தப்பியது, அது இந்தப் பகுதிக் கல்லால் கட்டியது. லெமான்ட்டின் பழைய கடைத்தெருவிலும் அதே மஞ்சள். குவாரிகளில் இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது, சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். 1885-இல் இந்தக் குவாரித் தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தபோது மாநிலப் படையை அனுப்பினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. அந்தத் தண்ணீர் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்துதான் அம்மா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம்.

கொஞ்சம் கிழக்கே சாக் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு குன்றின் மேல் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். அதுவும் மஞ்சள் கல்தான். கல்லறைத் தோட்டத்தில் கால்வாய் வெட்ட வந்த அயர்லாந்துக்காரர்கள் கிடக்கிறார்கள். மண்வெட்டியும் பிக்காக்ஸும் தள்ளுவண்டியும் வைத்து வெட்டியவர்கள் அவர்கள். அப்பா வரிசை வரிசையாகப் பேர் படித்துக்கொண்டே போனார். பல கற்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. தேய்ந்த கல்லையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

லாக்போர்ட்டில் கால்வாயின் தலைமை அலுவலகம் இருந்தது. நம்ம ஊரில் சொன்னால் டிவிஷன் ஆபீஸ். கால்வாய்க் கரையிலேயே கேலார்ட் கட்டடம் நிற்கிறது, 1838-இல் கட்டுமானச் சாமான்கள் வைக்கக் கட்டிய கிடங்கு. முதலாவது லாக்கும் இந்த ஊரில்தான், அங்கேதான் அப்பாவுக்குக் கால்வாயின் நடைமுறை முழுசாகப் பிடிபட்டது. லாக் என்பது மதகு இல்லை. மதகு தண்ணீரை விடும், நிறுத்தும். லாக் படகைத் தூக்கும், இறக்கும். முன்னும் பின்னும் கதவு வைத்த கல் தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு மேலே ஏறும், வடித்தால் கீழே இறங்கும். ஏரிக்கும் லசாலுக்கும் உள்ள சுமார் 140 அடி வித்தியாசத்தை இப்படிப் படிப்படியாக இறங்கினார்கள். தொட்டியின் அளவு 110 அடிக்கு 18 அடி. அப்பா காலடியாலேயே அளந்து பார்த்து, "கரெக்டா இருக்கு" என்றார். இந்த 110 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம்: மெட்ரா ரயிலில் ஹெரிடேஜ் காரிடார் என்றே ஒரு தடம் உண்டு, லெமான்ட், லாக்போர்ட் வழியாக ஜோலியட் வரை போகும். பெயரைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். அது வார நாள்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கான ரயில், சனி ஞாயிறு ஓடாது. கார்தான் வேண்டும்.

மோரிஸில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். கெப்ஹார்ட் உட்ஸ் பூங்காவில் பெரிய மரங்களின் நிழலில் கால்வாய்க் கரை ஓரமாக நடக்கலாம், கைக்குழந்தை இருப்பவர்களுக்கு நல்ல இடம். பொட்டவாட்டமி என்ற பழங்குடியினரின் தலைவர் ஷபோனா அடக்கமானதும் மோரிஸில்தான், 1859-இல். கால்வாய் வந்த வேகத்தில் அவருடைய ஜனங்களுக்கு இந்த நிலம் கைவிட்டுப் போனது. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கரையைப் பார்க்க வேண்டும்.

இனி ஒட்டாவா. ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள். சிகாகோவில் இருந்து சுமார் 80 மைல், எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேரம். ஃபாக்ஸ் ஆறும் இல்லினாய் ஆறும் சேரும் முனையில் இருக்கிறது. கால்வாய் ஆணையர்கள் 1830-இல் நில அளவையாளரை வைத்து இரண்டு ஊருக்கு மனைப்படம் போட்டார்கள். ஒன்று சிகாகோ, இன்னொன்று ஒட்டாவா. ஒரே வயது. ஒன்று எங்கேயோ போய்விட்டது, மற்றது இருபதாயிரத்துக்குள் மக்களோடு அமைதியாக இருக்கிறது.

எனக்கு ஒட்டாவா பெயர் வேறு காரணத்தால் தெரியும். தினமும் கையில் படுகிற பெயர். சிமென்ட்டின் வலிமையைப் பார்க்க அதை மணலோடு கலந்து சின்னக் கட்டியாக வார்த்து, நாள் கணக்கு வைத்து உடைத்துப் பார்ப்போம். மணல் இடத்துக்கு இடம் மாறினால் வலிமை சிமென்ட்டுடையதா மணலுடையதா என்று தெரியாமல் போய்விடும். அதனால் எல்லா லேபும் ஒரே மணலைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் அந்த மணல் இல்லினாயின் ஒட்டாவா மணல். இந்தியாவில்? எண்ணூர் மணல். கல்லூரி லேபில் மூன்று அளவு எண்ணூர் மணலைச் சம பங்காக எடை போட்டு, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு என்று கலந்த கை இது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மூட்டையில் ஒட்டாவா என்று பார்த்ததும் கனடாவில் இருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்து வருகிறது என்று பிறகு சொன்னார்கள். அப்போதும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

ஊரின் மேற்குப் பக்கம் மணல் குவாரிகள். வேலிக்கு வெளியே ரோட்டோரம் கசிந்து கிடந்த கொஞ்சத்தை அப்பா விரலில் எடுத்துத் தேய்த்தார். "உருண்டையா இருக்கு பாப்பா. எண்ணூர்ல இவ்ளோ உருட்டு இருக்காது." அவர் சொன்னது சரி. 45 கோடி வருஷத்துக்கும் முன்னால் இருந்த கடலோரத்து மணல் இது. அலையும் காற்றும் திரும்பத் திரும்ப உருட்டியதில் மற்ற தாதுக்கள் எல்லாம் தேய்ந்து போய், ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா மட்டும் மிஞ்சியது. அதனால்தான் ஒட்டாவாவைச் சுற்றிக் கண்ணாடித் தொழில் வளர்ந்தது.

ஊர் நடுவில் வாஷிங்டன் சதுக்கம். 1858 ஆகஸ்ட் 21 அன்று, செனட் பதவிக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளஸும் ஏழு விவாதங்களில் முதலாவதை நடத்திய இடம். அடிமை முறை பற்றிய பேச்சு. கேட்க வந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். ரயிலில், குதிரை வண்டியில், கால்வாய்ப் படகில் வந்திருக்கிறார்கள். எதிரே ரெடிக் மாளிகை, அந்த வருஷமே கட்டி முடித்தது. இப்போது சதுக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நடுவே இருவருக்கும் சிலை. சுற்றிப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

ஆனால் அதைவிட முக்கியமான சிலை ஒன்று சில தெரு தள்ளி இருக்கிறது. கடிகார முகப்பின் மேல் ஒரு இளம்பெண் நிற்கிறாள். 1920-களின் உடை, ஒரு கையில் பிரஷ், இன்னொன்றில் ட்யூலிப் பூ. ரேடியம் டயல் என்ற நிறுவனம் இந்த ஊரில் பெண்களை வைத்துக் கடிகார எண்களுக்கு ரேடியம் கலந்த பெயின்ட் பூசியது, இருட்டில் ஒளிர்வதற்காக. பிரஷ் முனை கூராக வேண்டும் என்று உதட்டில் வைத்துக் குவிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு எண்ணுக்கும். ஒன்றும் செய்யாது என்று சொன்னார்கள். ரேடியம் எலும்பில் போய்த் தங்கியது. தாடை உதிர்ந்தது, இடுப்பில் கட்டி வந்தது. கேத்தரின் டோனஹ்யூ என்பவர் 1938-இல் படுத்த படுக்கையில் இருந்தே சாட்சி சொன்னார், வழக்கில் வென்றார், அந்த வருஷமே இறந்துபோனார். நிறுவனம் மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போனது. 1939-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இந்தச் சிலை 2011-இல்தான் வந்தது. எட்டாம் வகுப்புப் படித்த ஒரு மாணவி இந்தக் கதையைப் படித்துவிட்டு, இவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம்கூட இல்லையே என்று ஆரம்பித்த முயற்சி.

அம்மா இருபது வருஷம் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்தவர். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஊசில நூல் கோக்கும்போது வாயில வச்சு நனைப்போமே, அது மாதிரிதானே? யோசிச்சா செய்வோம்? கை தானா போகும்" என்றார். சிலையின் பாதத்தைத் தொட்டார். அம்மா கோயிலுக்கு வெளியே எதையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

மே மாதம் மூன்றாவது பயணம், ஸ்டார்வ்டு ராக். பேருக்குப் பட்டினிப் பாறை என்று அர்த்தம், முற்றுகையில் சிக்கிய இல்லினாய்ப் பழங்குடியினர் பசியால் மடிந்த கதையில் இருந்து வந்தது. ஒட்டாவா மணல் இங்கே பாறையாக இறுகி நிற்கிறது, அதைத் தண்ணீர் அறுத்து 18 பள்ளத்தாக்குகளாக ஆக்கியிருக்கிறது. மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் போனால் அருவிகள் இருக்கும், ஆகஸ்டில் போனால் ஈரச் சுவர்தான். அக்டோபரில் இலை நிறத்துக்குக் கூட்டம் அலைமோதும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பாதையை விட்டு விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் அணைக்குக் கீழே உறையாத தண்ணீரில் மீன் பிடிக்க வெண்தலைக் கழுகுகள் வரும். போன குளிர்காலங்களில் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அருவியைவிட ஆற்றின் மறுகரைதான் பிடித்தது. அங்கே ராணுவப் பொறியாளர் பிரிவின் பார்வையாளர் மையம், அதன் எதிரே இப்போதும் இயங்குகிற லாக். 600 அடி நீளம், 110 அடி அகலம். பழைய லாக்கின் நீளம் புதியதன் அகலம்! 1933-இல் இந்த ஆற்றுவழி திறந்தது, அதே வருஷம் பழைய கால்வாய் படகுக்கு மூடப்பட்டது. நாங்கள் போனபோது ஒரு இழுவைப் படகு பார்ஜ்களைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் சில அடிகூட இடைவெளி இல்லை. கதவு மூடி, தண்ணீர் இறங்க இறங்க, எங்கள் கண்மட்டத்தில் இருந்த இரும்புத் தட்டு அசையாமல் கீழே போனது. சுமார் 18 அடி. சத்தமே இல்லை. அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார், இரண்டாவது பார்ஜும் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அம்மா காரில் தூங்கிவிட்டார்.

பக்கத்து யூட்டிக்கா மிகச் சின்ன ஊர். 1848-இன் கால்வாய்க் கிடங்கு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 2004 ஏப்ரலில் சூறாவளி இந்த ஊரின் நடுவில் புகுந்தது. ஒரு பழைய கல் கட்டடத்தின் அடித்தளத்தில் பத்திரம் என்று ஒதுங்கியவர்கள் மேல் அந்தக் கட்டடமே விழுந்து 8 பேர் இறந்தார்கள். பழைய கற்சுவரைப் பார்க்கும்போது எனக்கு அழகோடு அந்த எடையும் தெரிகிறது, தொழில் அப்படி.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை லசால் போனோம், கால்வாய் முடிகிற ஊர். சில வருஷத்துக்கு முன் பிள்ளைகளோடு இங்கே கோவேறு கழுதை இழுக்கிற படகில் போயிருக்கிறேன். கரையில் கழுதை நடக்க, கயிற்றில் படகு பின்னால் மிதந்து வரும், அந்தக் காலத்தில் இருந்தது போலவே. இந்த முறை ஹெகலர்-கேரஸ் மாளிகையைப் பார்ப்பதற்காகவே போனேன். துத்தநாக ஆலை வைத்திருந்த ஹெகலர் 1870-களில் கட்டிய வீடு. வரைந்தவர் பாயிங்டன், சிகாகோ தண்ணீர்க் கோபுரத்தை வரைந்த அதே ஆள். ஹெகலர் பிறகு ஒரு பதிப்பகம் தொடங்கினார், மருமகன் பால் கேரஸ் அதை நடத்தினார். 1893-இல் சிகாகோவில் சர்வமத சபை நடந்தது அல்லவா, விவேகானந்தர் பேசியது, சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் சேர்த்து அவரை அனுப்பியது. அதே சபையில் கேரஸும் இருந்தார். அங்கே கண்ட ஜப்பானிய ஜென் துறவியின் சீடர் சுசுகி 1897-இல் இந்தச் சின்ன ஊருக்கு வந்து 1908 வரை தங்கி, கீழைத் தத்துவ நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவர உழைத்தார். லெமான்ட் கோயில் மேட்டில் விவேகானந்தருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையில் இருந்து இந்த வீட்டுக்குக் கால்வாய் ஓரமாகவே வந்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வீட்டின் மரத் தரை வேலைப்பாட்டை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தேக்கு இல்ல, வேற என்னமோ" என்றார்.

இரவு எட்டு மணிக்கும் நல்ல வெளிச்சம். கிளம்பும் முன் பதினாலாம் லாக்கைப் பார்க்கப் போனோம். சுத்தமாகச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். உளி பட்ட கல்லை அப்பா உள்ளங்கையால் தடவினார். அப்புறம் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தார். ஊரில் காலை ஆறரை. கூட வேலை பார்த்த லஸ்கர் (மதகு, வாய்க்கால் பார்த்துக்கொள்கிற ஊழியர்) மாமாவுக்குத்தான். இருவரும் ரிட்டையர் ஆகிப் பல வருஷமாயிற்று, இன்னமும் ஜூனில் பேசினால் ஒரே பேச்சுதான்.

"கல்லணை தாண்டிருச்சா? ... ம். ம். கடைமடைக்கு இன்னும் எத்தனை நாள்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அப்பா சிரித்தார்.

"நானும் கடைமடைலதாண்டா உக்காந்திருக்கேன். அமெரிக்காவுல. ... இருக்கு இருக்கு, தண்ணி இருக்கு. ஓடல. நிக்குது."